பதினேழரை மீட்டர் நிலம்

மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் நடுவே இந்தியாவின் முதல் புல்லட் ரயில் பாதை எழுகிறது. தூண்களுக்குக் கீழே இருக்கும் கதை இது.

குஜராத்தின் நவ்சாரி மாவட்டத்தில் காவேரி என்று ஓர் ஆறு ஓடுகிறது. நம் காவிரிக்கும் அதற்கும் பெயர் ஒன்றுதான் உறவு. அதன் மேல் 120 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி முடித்திருக்கிறார்கள். புல்லட் ரயில் அதன் மீது ஓடும். இந்தத் தடத்தில் தூண்களின் மேல் கர்டர் என்னும் கான்கிரீட் உத்திரங்களைத் தூக்கி வைக்கும் ராட்சத இயந்திரம் பிறந்தது நம் காஞ்சிபுரத்தில். எல் அண்ட் டி நிறுவனம் அங்குள்ள தன் ஆலையில், 55 சிறு, குறு நிறுவனங்களின் கைகோப்போடு அதைச் செய்தது. 1,100 டன் தூக்கும். 2021 செப்டம்பரில் அது வேலைக்கு இறங்கியபோது, இப்படியொரு இயந்திரத்தைச் செய்யத் தெரிந்த நாடுகள் என்று இத்தாலி, நார்வே, தென் கொரியா, சீனா ஆகியவற்றைச் சொன்னார்கள். அந்த வரிசையில் காஞ்சிபுரத்தின் பெயரும் சேர்ந்தது.

அது செய்யும் வேலையைச் சொன்னால்தான் அதன் அருமை புரியும். வழக்கமான மேம்பாலங்களில் கான்கிரீட் துண்டுகளைக் கொண்டுவந்து, அந்தரத்தில் ஒன்றோடொன்று கோத்துத்தான் கர்டர் ஆக்குவார்கள். மெட்ரோ வேலை நடக்கும் சென்னைச் சாலைகளில் எல்லோரும் பார்த்த காட்சிதான். புல்லட் ரயிலுக்கு 40 மீட்டர் நீளமுள்ள முழுக் கர்டரையும் தடத்தை ஒட்டிய வார்ப்புக் களத்தில் ஒரே வார்ப்பாக வார்க்கிறார்கள். எடை 970 டன். பல சக்கரங்கள் கொண்ட வண்டி அதைச் சுமந்துகொண்டு, ஏற்கெனவே கட்டி முடித்த பாலத்தின் முதுகிலேயே ஊர்ந்துபோகும். பாலம் முடியும் இடத்தில் காத்திருக்கும் இன்னோர் இயந்திரம் அதை வாங்கி, அடுத்த இரண்டு தூண்களின் தலையில் இறக்கி வைக்கும். இப்போது பாலம் 40 மீட்டர் நீண்டுவிட்டது. அடுத்த கர்டர் அந்த 40 மீட்டரின் மேலும் ஊர்ந்து வரும். பழைய முறையைவிடப் பத்து மடங்கு வரை வேகம் என்கிறார்கள் பொறியாளர்கள். 2025 மே மாதத்துக்குள் 300 கிலோமீட்டர் உயர்பாதை தயாராகிவிட்டது.

பெருமைப்பட வேண்டிய வேலை இது. நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் காலண்டரைப் பார்த்தால் மனம் கனக்கிறது. அகமதாபாத்தில் நரேந்திர மோடியும் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் அடிக்கல் நாட்டியது 2017 செப்டம்பர் 14. சுதந்திரத்தின் 75-வது ஆண்டான 2022-ல் ரயில் ஓட வேண்டும் என்று அன்று ஆசைப்பட்டார்கள். இப்போதைய அறிவிப்பின்படி, 508 கிலோமீட்டரில் சூரத்–பிலிமோரா இடையே சுமார் 50 கிலோமீட்டர் மட்டும் 2027-ல் முதலில் திறக்கும். கொரோனா ஒரு பகுதியைத் தின்றது. ஜப்பானோடு நடந்த ஒப்பந்தப் பேச்சுகள் இன்னொரு பகுதியை. மிச்சமுள்ள பெரும்பகுதியைத் தின்றது எது? பதினேழரை மீட்டர் அகலமுள்ள ஒரு நிலப்பட்டை.

வளையாத பாதை

ஊர்ச்சாலை ஒரு கிணற்றைக் கண்டால் வளையும், ஒரு கோவிலைக் கண்டால் ஒதுங்கும். பழைய ரயில் பாதைகூட மலையைச் சுற்றிப் போகும். மணிக்கு 320 கிலோமீட்டரில் ஓடும் ரயில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 89 மீட்டர் கடக்கிறது. அவசர பிரேக் போட்டாலும் நிற்பதற்கு நான்கு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் வேண்டும். அந்த வேகத்தில் வளைய வேண்டுமானால் வளைவின் ஆரம் ஆறாயிரம் மீட்டர் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் அது வளைவாகவே தெரியாது. ஒருவருடைய தென்னந்தோப்பைக் காப்பாற்றப் பாதையை ஐம்பது மீட்டர் தள்ளினால், அந்த விலகல் பல கிலோமீட்டருக்கு முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு போய், வேறு இருபது பேரின் தோப்பில் நுழையும்.

ஒருவர் மறுத்தால் பக்கத்து நிலத்தில் போகலாம் என்ற வசதி இங்கே கிடையாது. அதனாலேயே அந்த ஒருவரிடம் பேசுவதற்கு மற்ற எந்தத் திட்டத்தையும்விட அதிகக் காலமும் பொறுமையும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

மொத்தப் பாதையில் 348 கிலோமீட்டர் குஜராத், 156 மகாராஷ்டிரம், இடையில் 4 கிலோமீட்டர் தாத்ரா நகர் ஹவேலி. பெரும்பகுதி தூண்களின் மேலேதான் போகிறது. நில எடுப்பைக் குறைக்க எடுத்த நல்ல முடிவு அது. தரையில் போட்டிருந்தால் பட்டையின் அகலம் இரு மடங்காகியிருக்கும். வேலி போட்டு ஊரையே இரண்டாக வெட்டியிருக்கும். தூண்களின் மேல் போகும்போது மாடு கடக்கலாம், வாய்க்கால் கடக்கலாம். அப்படியும் தேவைப்பட்ட நிலம் ஏறத்தாழ 1,390 ஹெக்டேர். அது முழுவதும் கைக்கு வந்ததாக ரயில்வே அமைச்சர் அறிவித்தது 2024 ஜனவரியில், அடிக்கல் நாட்டி ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு.

எதன் நான்கு மடங்கு?

குஜராத் விவசாயிகள் ரயிலை எதிர்த்தார்கள் என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. சூரத், நவ்சாரி, வல்சாட் பகுதிகள் ஏற்கெனவே நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் பார்த்த ஊர்கள். அவர்கள் கேட்ட கேள்வி கணக்குப் பற்றியது. 2013-ம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி கிராமப்புற நிலத்துக்குச் சந்தை மதிப்பைப் போல நான்கு மடங்கு வரை இழப்பீடு கிடைக்கும். கேட்கத் தாராளமாக இருக்கிறது. எதன் நான்கு மடங்கு? அரசுப் பதிவேட்டில் இருக்கும் மதிப்பின் நான்கு மடங்கு. நம் ஊரில் வழிகாட்டி மதிப்பு என்பதை குஜராத்தில் ஜந்த்ரி என்பார்கள். நில எடுப்பு தொடங்கியபோது அந்த ஜந்த்ரி கடைசியாகத் திருத்தப்பட்டிருந்தது 2011-ல். மா விளையும் நிலத்தின் விலை ஏழெட்டு ஆண்டுகளில் எங்கேயோ போய்விட்டது. பதிவேடு மட்டும் அதே இடத்தில் நின்றது.

இன்னொன்றும் இருந்தது. திட்டத்தால் யார் யார், எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்று முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடு, 2013 சட்டத்தின் முதுகெலும்பு. 2016-ல் குஜராத் கொண்டுவந்த திருத்தம் இத்தகைய திட்டங்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தது. விவசாயிகள் 2018-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மனுக்கள். 2019 செப்டம்பரில் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. திருத்தம் செல்லும் என்றது. கூடுதல் இழப்பீடு கேட்கும் வழியை மட்டும் திறந்து வைத்தது.

2023 ஏப்ரலில் குஜராத் அரசு ஜந்த்ரியைத் திருத்தியது. விவசாய நிலத்துக்கான மதிப்பை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கியது. பதிவேட்டு மதிப்பு பழையது என்று விவசாயிகள் சொன்னதை அரசின் கையே எழுதி ஒப்புக்கொண்டது என்றுதான் அதை நான் படிக்கிறேன். அந்தத் திருத்தம் நில எடுப்புக்கு முன்பே வந்திருந்தால் எத்தனை மனுக்கள் எழுதப்படாமலே போயிருக்கும்! கர்டர் வார்க்கும் களத்துக்குக் காட்டிய முன்யோசனையில் பத்தில் ஒரு பங்கு போதுமாயிருந்திருக்கும்.

பால்கர்

மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்ததும் பாதை பால்கர் மாவட்டத்தில் போகிறது. வார்லி ஓவியங்களை எல்லோருக்கும் தெரியும்: செம்மண் சுவரில் அரிசி மாவால் வரைந்த மனிதர்கள், வட்டமாகக் கைகோத்து ஆடுவார்கள். அந்த மக்களின் மண் இது. புவிசார் குறியீடு பெற்ற டஹாணு கோல்வட் சப்போட்டா விளைவதும் இங்கேதான்.

இந்த ஒரு மாவட்டத்தின் மேல் வந்து விழுந்தவற்றை எண்ணிப் பாருங்கள். தாராப்பூர் அணுமின் நிலையம் 1969-ல் வந்தது. பிறகு சூர்யா அணை. சரக்கு ரயிலுக்கான தனிப்பாதை. மும்பை–வதோதரா விரைவுச்சாலை. 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்ட வாதவண் துறைமுகம். இவற்றுக்கு நடுவில் புல்லட் ரயில். டெல்லியிலோ மும்பையிலோ ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனிக் கோப்பு. பால்கர்க்காரருக்கு எல்லாம் ஒரே நிலத்தின் மேல் வருகிற ஒரே விஷயம். நில அளவையாளர் வந்தபோது பல கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டதை 'வளர்ச்சிக்கு எதிரானவர்கள்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கியவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்திருக்க வேண்டும்.

இந்தப் பகுதியின் பல வட்டங்கள் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வருபவை. 1996-ம் ஆண்டின் பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துச் சட்டப்படி நிலம் எடுக்கும் முன் கிராம சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும். அங்கே காகிதமும் கலப்பையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நிலம் ஏராளம். தாத்தா காலத்திலிருந்து உழுகிற வன நிலத்துக்குப் பட்டா இருக்காது. பட்டா உள்ளவர் வேறு ஊரில் இருப்பார். இழப்பீடு பட்டாவைத் தேடிப் போகும். கலப்பை பிடித்தவர் கையில் 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த விண்ணப்பம் மட்டும் இருக்கும்.

2019 முதல் 2022 வரை உத்தவ் தாக்கரே அரசு இருந்த காலத்தில் மகாராஷ்டிரத்தில் வேலை ஏறக்குறைய அசையவில்லை. 2022 ஜூனில் ஆட்சி மாறியதும் தடைகள் வேகமாக நீங்கின. அந்த இரண்டரை ஆண்டுகளில் குஜராத்தில் தூண்கள் எழுந்ததும் மகாராஷ்டிரத்தில் எழாததும் இன்றைக்கும் பாதையில் நடந்து போனால் தெரியும்.

தாமதம் மும்பை நகருக்குள்ளேயும் இருந்தது. விக்ரோலியில் கோத்ரெஜ் நிறுவனத்துக்குச் சொந்தமான சுமார் பத்து ஏக்கரில் சுரங்கப்பாதைக்கான காற்றுத்தண்டு அமைய வேண்டும். 264 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தார்கள். நிறுவனம் நீதிமன்றம் போனது. தேச முக்கியத்துவம் உள்ள திட்டம் என்று சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது 2023 பிப்ரவரியில். நீதிமன்றம் போக எல்லோருக்கும் உரிமை உண்டு. நிறுவனத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் 'சில விவசாயிகளின் பிடிவாதம்' என்று தலைப்புப் போட்ட செய்திகளில் இந்தப் பத்து ஏக்கர் எந்த மூலையில் வந்தது என்பதை யோசிக்க வேண்டும்.

கடலுக்கு அடியில்

1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணேக்கு 34 கிலோமீட்டர் ஓடியது. புல்லட் ரயிலின் முதல் இரண்டு நிலையங்களும் மும்பையும் தாணேயும்தான். இம்முறை பாதை பூமிக்கடியில்.

பாந்த்ரா–குர்லா வளாகத்தில் நிலையமே தரைக்கு முப்பது மீட்டருக்கும் கீழே அமைகிறது. அங்கிருந்து ஷில்பாட்டா வரை 21 கிலோமீட்டர் சுரங்கம். அதில் 7 கிலோமீட்டர் தாணே கழிமுகத்தின் அடியில் போகும். இந்தியாவில் கடலடியில் ரயில் போகும் முதல் பாதை. போகவும் வரவும் இரண்டு தண்டவாளங்களும் ஒரே குழாயில் என்பதால், தோண்டும் இயந்திரத்தின் வெட்டுத்தலை 13 மீட்டருக்கும் மேல் விட்டம் கொண்டது. நான்கு மாடி வீட்டின் உயரமுள்ள வட்டம். 16 கிலோமீட்டரை இயந்திரம் தோண்டும். கன்சோலி–ஷில்பாட்டா இடையே சுமார் ஐந்து கிலோமீட்டரைப் பாறையை வெடித்து, சுவரைத் தாங்கித் தாங்கி முன்னேறும் முறையில் தோண்டினார்கள். 2025 செப்டம்பரில் இருபக்கமும் சந்தித்தன.

கடலடியில் போகக் காரணம் மேலே இருக்கிறது. கழிமுகத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் சரணாலயம். கரையில் அலையாத்திக் காடு. முதலில் 53,000 அலையாத்தி மரங்களை வெட்ட வேண்டும் என்று கணக்கிட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது. தாணே நிலையத்தின் வரைபடத்தை மாற்றினார்கள். 2022 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தபோது எண்ணிக்கை 22,000 அளவுக்குக் குறைந்திருந்தது. வெட்டுவதற்கு ஐந்து மடங்கு நட வேண்டும் என்பது திட்டத்தின் உறுதிமொழி. முப்பதாயிரம் மரங்கள் தப்பியது யாரோ சிலர் கேள்வி கேட்டதால். நட்ட நாற்று அலையாத்திக் காடாக எத்தனை வருடம் பிடிக்கும் என்பதைப் பிச்சாவரத்துக்காரர்கள் நன்றாகவே சொல்வார்கள்.

ஜப்பானில் நடந்தது

கடன், தண்டவாளம், தொழில்நுட்பம் எல்லாம் ஜப்பானிலிருந்து. 1.08 லட்சம் கோடி ரூபாய் என்ற முதல் மதிப்பீட்டில் 81 சதவீதத்தை 0.1 சதவீத வட்டிக்கு, ஐம்பது ஆண்டுத் தவணையில் கொடுக்க ஜப்பான் ஒப்புக்கொண்டது. மொத்தச் செலவு அந்த மதிப்பீட்டைத் தாண்டும் என்பது தெரிந்துவிட்டது. இதை மட்டும் வைத்துத் திட்டத்தைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு நான் சேரமாட்டேன். டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ரயில்வே தலைவர் ஷிஞ்சி சோகோ அதற்காக 1963-ல் பதவியை விட்டார். தலைமைப் பொறியாளர் ஹிதேயோ ஷிமாவும் விலகினார். 1964 அக்டோபர் 1 அன்று, ஒலிம்பிக்குக்கு ஒன்பது நாள் முன்பு, முதல் ரயில் புறப்பட்டபோது அதைக் கட்டிய இருவரும் பொறுப்பில் இல்லை. அதற்கு உலக வங்கி கொடுத்த 8 கோடி டாலர் கடனை ஜப்பான் 1981-ல் அடைத்துவிட்டது. அந்தப் பாதை இன்றும் ஓடுகிறது. தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட ஷின்கான்சென்னில் உயிரிழந்ததில்லை.

அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி நமக்கும் வருகிறது. நிலநடுக்கத்தின் முதல் மெல்லலையை உணர்ந்து, பெரிய அலை வருமுன் மின்சாரத்தை நிறுத்தி ரயிலைப் பிடித்து நிறுத்தும் 28 கருவிகள். அவற்றில் சில பாதையிலிருந்து வெகு தொலைவில், லாத்தூரிலும் பழைய புஜ்ஜிலும் நிற்கும். 1993, 2001 நிலநடுக்கங்கள் நினைவிருப்பவர்களுக்கு அந்த இரண்டு பெயர்களையும் விளக்க வேண்டியதில்லை.

ஜப்பான் ஐந்தே ஆண்டில் கட்டியது, நமக்கு ஏன் முடியவில்லை என்று கேட்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 1940-களிலேயே, போருக்கு நடுவில், 'தோட்டா ரயில்' என்ற பெயரில் இதே பாதைக்கான வேலையை அவர்கள் தொடங்கியிருந்தார்கள். புல்லட் ரயில் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. போர் முற்றியதும் வேலை நின்றது. அதற்குள் தேவையான நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாங்கியாகிவிட்டது. 1959-ல் மண்வெட்டி எடுத்தபோது அந்த நிலம் தயாராக இருந்தது. ஐந்து ஆண்டு என்ற சாதனைக்கு அடியில் இருபது ஆண்டுக்கு முந்தைய நிலம் இருக்கிறது.

பிறகு அங்கேயும் மக்கள் பேசினார்கள். இரைச்சலும் அதிர்வும் தாங்காமல் நகோயா நகரவாசிகள் 1974-ல் வழக்குப் போட்டார்கள். 1986-ல்தான் சமரசம் ஆனது. நம் பாதையின் இருபக்கமும் இரண்டு மீட்டர் உயர ஒலித்தடுப்புச் சுவர் எழுவதற்குப் பின்னால் அந்த அனுபவமும் இருக்கிறது. டோக்கியோவையும் நகோயாவையும் இணைக்கும் காந்த ரயில் 2027-ல் ஓட வேண்டியது. ஓயி ஆற்றின் தண்ணீர் குறைந்துவிடும் என்று ஷிசுவோகா மாகாணம் சுரங்கத்துக்கு அனுமதி தராமல் நின்றதில் அந்த ஆண்டு கைவிடப்பட்டது.

அடுத்த தடம்

குறைவாக நிற்கும் ரயில் மும்பையிலிருந்து சபர்மதிக்கு 2 மணி 7 நிமிடத்தில் போகும். பன்னிரண்டு நிலையங்களிலும் நிற்பது மூன்று மணிக்குச் சற்றுக் குறைவாக. வந்தே பாரத்தில் இன்று ஐந்தரை மணி நேரம் அளவுக்கு ஆகிறது. இந்த ரயில் வேண்டும் என்பதே என் கருத்து. காலை விமானத்துக்கு நள்ளிரவில் எழுந்து ஓடும் நகரங்கள் இவை. ஆனால் பால்கர் மாவட்டத்தின் போய்சரிலும் விராரிலும் நிற்கும் ரயில்கள் நாளுக்கு எத்தனை, கட்டணம் எவ்வளவு என்பதில்தான் நிலம் கொடுத்தவருக்கு அதில் இடம் உண்டா என்பது தெரியும்.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. சென்னை–பெங்களூரு–மைசூரு அதிவேகத் தடம், 435 கிலோமீட்டர், விரிவான திட்ட அறிக்கைக்கு எடுத்துக்கொண்ட தடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 280 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கும் இரண்டு உள்நாட்டு ரயில்களுக்கு பெங்களூரின் பெமல் நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்ததே சென்னைப் பெரம்பூரின் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலைதான். இயந்திரம் காஞ்சிபுரத்தில் இருக்கிறது, கை இருக்கிறது, அறிவு இருக்கிறது. நிலத்தைப் பொறுத்தவரை நம்மிடம் இருப்பது சென்னை–சேலம் எட்டு வழிச் சாலையின் நினைவு. 277 கிலோமீட்டர். 2019 ஏப்ரலில் நில எடுப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, வயலில் நட்ட கற்களை விவசாயிகள் பிடுங்கி எறிந்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு திட்டத்துக்கு வழிவிட்ட பிறகும் அந்தச் சாலை வரவில்லை.

மும்பை–அகமதாபாத் தடத்தை வானிலிருந்து லேசர் கதிர் அடித்து அளந்தார்கள். தரையில் அளந்தால் பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகும் வேலை பன்னிரண்டு வாரத்தில் முடிந்தது. நம் தடத்தின் மேலும் ஒருநாள் அப்படி ஒரு விமானம் பறக்கும். கீழே கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். அவர் கிராமத்தின் வழிகாட்டி மதிப்பு அன்றைக்கு எந்த வருடத்துக் கணக்கில் இருக்கும்? பட்டா யார் பெயரில் இருக்கும்? அவரிடம் முதலில் வந்து பேசப்போகிறவர் எந்த மொழியில் எழுதிய காகிதத்தை நீட்டுவார்?